மஞ்சள் தெரிந்தால் தலைகீழ்

மெல்போர்னின் மேற்கே, ட்ருகனினாப் பக்கத்தில் கல்யாணப் பிளவுஸ் தைக்க வேண்டுமென்றால் ஆட்கள் சத்தியபாமாவின் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். கார் நிற்க வேண்டிய கராஜின் ஒரு பாதியில் அவளுடைய தையல் மெசின், ஆளுயரக் கண்ணாடி, அளவு கொடுக்க வருகிறவர்கள் ஏறி நிற்கிற சின்ன மேடை. மற்றப் பாதியை ஒரு பழைய திரைச்சீலை மறைக்கும். முழுதாக மறைக்காது. கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மணப்பெண்ணின் கண்ணில், சீலைக்கு மேலால் எட்டிப் பார்க்கிற மஞ்சள் இறக்கை கட்டாயம் படும்.

"அன்ரி, அது என்ன? மகன்ரை பிளேனோ?"

"என்ரை," என்பாள் சத்தியபாமா, உதட்டில் கடித்த குண்டூசியை எடுக்காமலே. அளவு நாடா இடுப்பைச் சுற்றி இறுகியிருக்கிற நேரத்தில் அதற்கு மேலே கேள்வி கேட்கிற துணிவு ஒருத்திக்கும் வந்ததில்லை.

தொடக்கத்தில் அது மகனுடைய விளையாட்டுத்தான். சுஜீதன் பதினான்கு வயதில் அடம்பிடித்து வாங்கிய, பாரமில்லாத றெஜிபோம் நுரையில் செய்த பிளேன் இரண்டு கிழமை பறந்தது. பிறகு அலுமாரிக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. அவன் படித்து முடித்து வேலை கிடைத்து சிட்னிக்குப் போய், பென்டில் ஹில்லில் சிநேகிதர்களோடு வீடு எடுத்தபோது, அறையைத் துப்புரவாக்கப் போனவளின் கையில் மூன்று சாமான்கள் அகப்பட்டன. அந்தப் பிளேன், அதை ஓட்டுகிற இரண்டு தடி வைத்த றேடியோப் பெட்டி, கொம்பியூட்டரில் பொய்யாகப் பறந்து பழகுகிற புரோகிராம். வெட்டித் தள்ளிய துண்டுத் துணியையே நிறம் பிரித்து மூன்று பெட்டியில் சேர்த்து வைத்திருப்பவள் அவள். எறிய மனம் வருமா?

நத்தார் லீவில் தையல் ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், றேடியோவைக் கொம்பியூட்டரில் கொழுவிப் பார்த்தாள். திரையிலிருந்த விமானம் எழும்பி இரண்டாவது செக்கனில் நிலத்தில் குத்தியது. சரி, முதன்முதல் பூட்டிய பிளவுஸ் கை மட்டும் நேராகவா இருந்தது? மறுபடி எழுப்பினாள். அன்று பொழுதுபடுவதற்குள் அறுபது தரம் விழுத்தினாள். அறுபத்தோராவது தரம் அது ஒரு பெரிய வளைவாகத் திரும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, தன் முதுகைக் காட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள். விமானம் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுன்னாகத்தில் வளர்ந்த அவளுக்கு இருபத்தேழு வயதுவரை விமானம் என்பது ஒரு சத்தம் மட்டுமே. சத்தம் கேட்டால் அங்கே ஒருவரும் மேலே பார்ப்பதில்லை, கீழே இறங்குவார்கள். பங்கருக்குள் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, கழுத்தில் மண் உதிர, அது இப்போது எங்கே நிற்கிறது, திரும்பி வருகிறதா, போகிறதா என்று காதால் மட்டும் கணக்குப் பார்த்தவள். அது சாய்ந்து திரும்பும், அதற்கு வயிறு ஒன்று முதுகு ஒன்று உண்டு, வெயில் பட்டால் இறக்கை மினுங்கும் என்பதெல்லாம் மெல்போர்னில், மகனுடைய மேசையில், ஐம்பதாவது வயதில்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

"இவ்வளவு வடிவான சாமானுக்கோ நாங்கள் ஒளிச்சிருந்தனாங்கள்," என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

கணவர் மகேந்திரராஜா சோற்றிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சாமான்களைக் களஞ்சியத்தில் தட்டுத் தட்டாக ஏற்றுகிற போக்லிப்ட் ஓட்டுகிறவர் அவர். எதையும் மூன்று தரம் சரிபார்க்காமல் தூக்கமாட்டார். "உனக்குச் சுகமில்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

நாலு வருசத்துக்குள் அவள் கழகம் ஒன்றில் சேர்ந்தாள். புதுவீடுகள் முடிகிற இடத்துக்கும் அப்பால், முள்ளுச்செடியும் காய்ந்த புல்லுமாய்க் கிடக்கிற வெளியில், புல் வெட்டிய ஓடுபாதை ஒன்றும் தகரக் கொட்டகை ஒன்றும்தான் அந்தக் கழகத்தின் சொத்து. அங்கே இருந்த ஒரே இன்னொரு தமிழர் கொட்பிறி. மன்னார்ப் பக்கம், ட்ராம் ஓட்டி ஓய்வெடுத்தவர், வாயைத் திறந்தால் பகிடி. முப்பது வருசமாக மொடல் பிளேன் விடுகிறவர், ஆனால் அவளுக்கு எதையும் பழக்கவில்லை. பழக்க முடியாது என்பதுதான் விசயம்.

றேடியோப் பெட்டியில் இரண்டு தடிகள் உண்டு. மூக்கைத் தூக்குகிற தடி எது, மோட்டருக்கு வேகம் கொடுக்கிற தடி எது என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தக் கழகத்தில் எல்லாரும் பழைய அவுஸ்திரேலிய வழக்கப்படி வேகத்தை வலது கையில் வைத்திருந்தார்கள். சுஜீதன் இணையத்தில் பார்த்து இடது கையில் வைத்துவிட்டான். தாயும் அப்படியே பழகிவிட்டாள். "நீ இடக்கைக்காரி, நாங்கள் வலக்கைக்காரர். உன்ரை பெட்டியை நான் தொட்டால் பிளேனுக்குப் பிரேதம்தான்," என்று கொட்பிறி முதல் நாளே சிரித்துச் சொன்னார்.

சிரித்துச் சொன்ன அந்தச் சொல் பலித்துவிட்டது.

அவள் முதன்முதல் மரத்தில் செய்த விமானம், அதன் முதலாவது பறப்பு. எழும்பினவுடனே அது ஒரு பக்கமாக இழுத்தது. நெருக்கடி வந்தால், பக்கத்தில் நிற்கிற வயதில் மூத்தவர் கையில் பொறுப்பைக் கொடுப்பது என்று வளர்ந்தவள். "அண்ணை, நீங்க பிடியுங்கோ!" என்று சொல்லி, இரண்டு கையாலும், கோயிலில் தட்டம் நீட்டுகிற மாதிரி மரியாதையாக, றேடியோவை அவரிடம் நீட்டிவிட்டாள். ஒருத்தி இரண்டு கையால் நீட்டுகிறபோது வாங்காமல் நிற்க அவருக்கும் தெரியவில்லை. வாங்கினார். மூக்கைத் தூக்க நினைத்து இடது தடியை இழுத்தார். அவளுடைய பெட்டியில் அது மோட்டரை நிற்பாட்டியது. வேகம் கொடுக்க நினைத்து வலது தடியை மேலே தள்ளினார். அது மூக்கை நிலத்துக்குத் திருப்பியது. காப்பாற்ற அவர் செய்த ஒவ்வொன்றும் அதைக் கொல்லுகிற காரியமாகப் போயிற்று. நாலு செக்கன்.

சிதறினதை இருவருமாகப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டார்கள். ஒருவரை ஒருவர் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து மீன் கட்லட்டோடு வீட்டுக்கு வருகிற கொட்பிறி அதற்குப் பிறகு வரவில்லை.

அவள் திரும்பவும் தொடங்கினாள். இந்தத் தரம் குத்துக்கரணம் அடிக்கவென்றே கீறப்பட்ட விமானம்: ஒன்றே முக்கால் மீற்றர் இறக்கை, கையில் தூக்கினால் பிறந்த குழந்தையின் பாரம். பல்சா மரத்தில் விலா எலும்பு மாதிரி ஒவ்வொரு சட்டமாய் வெட்டி ஒட்ட எட்டு மாதம் போனது. அதன் மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை விரித்து, அயன்பொக்சால் சூடு காட்டி இழுத்து ஒட்ட வேண்டும். கழகத்து ஆண்களுக்குச் சுருக்கமும் குமிழியுமாய் வருகிற அந்த வேலை, பட்டுப் பிளவுசுக்கு லைனிங் வைத்துப் பழகியவளின் கையில் ஒரு சுருக்கமில்லாமல் வந்தது. மேலே கடுகு மஞ்சள், ஓரத்தில் மெரூன் கரை. கீழே கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாய். தூரத்தில் பறக்கிறபோது விமானம் வெறும் நிழலாய்த் தெரியும். நிமிர்ந்து நிற்கிறதா கவிழ்ந்து நிற்கிறதா என்று நிறம்தான் சொல்லும். தையல் சோக்கால் கராஜ் சுவரில் எழுதி வைத்தாள்: மஞ்சள் தெரிந்தால் தலைகீழ். கட்டம் தெரிந்தால் நேர்.

அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள். என்ன நடந்தாலும் பெட்டியை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது.

எல்லாம் முடியப் பதினாலு மாதம் ஆயிற்று. இதுவும் உடைந்தால் இனிச் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். உடைவதைக்கூடத் தாங்கலாம். திரும்பவும் பயத்தில் கையை நீட்டி, கொட்பிறியின் கையால் உடைந்தால், பிறகு அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கே அவளும் கணவரும் கழகத்து வெளியில் போய் இறங்கிவிட்டார்கள். புல்லில் ஈரம். தூரத்தில் ஆரோ எரித்த குப்பையின் புகை ஊதுபத்திப் புகை மாதிரி நேரே மேலே போனது. காற்று என்பதே இல்லை. இதைவிட நல்ல நேரம் ஒரு விமானத்துக்குக் கிடைக்காது.

"ஒன்பதில இருந்து பத்தரைக்கு ராகு காலம்," என்றார் மகேந்திரராஜா. "அதுக்குப் பிறகு எழுப்பு."

"அதுக்கு முதல் எழுப்பினால்?"

"ஒரு மணித்தியாலத்துக்குள்ள உன்ரை சோதனையெல்லாம் முடிஞ்சிடுமோ? அவசரப்பட்டுத்தான் போன தரம்..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அது உண்மைதான். இறக்கைகள் இரண்டையும் கார்பன் குழாயில் கோர்த்துப் பூட்டினாள். வயர்களைக் கொழுவினாள். அளவு நாடாவை எடுத்து, இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற பலகை மேலே எத்தனை மில்லிமீற்றர் போகிறது, கீழே எத்தனை என்று அளந்தாள். வலமும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். றேடியோவில் ஒரு சின்ன சுவிச். ஒரு பக்கம் தட்டினால் அந்தப் பலகைகள் அடக்கமாக அசையும், மறுபக்கம் தட்டினால் மூன்று மடங்கு. 'சாது', 'பேய்' என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

பிறகு பாரம் பார்க்கிற வேலை. இரண்டு சுட்டுவிரலையும் இறக்கைக்குக் கீழே குறித்த புள்ளியில் வைத்துத் தூக்கினாள். வால் மெல்லத் தாழ்ந்தது. இறக்கி, பற்றறியை ஒரு விரலளவு முன்னுக்குத் தள்ளி, மறுபடி தூக்கினாள். இந்தத் தரம் அது தாழவுமில்லை, உயரவுமில்லை. இரண்டு விரல் நுனியில், அவ்வளவு பெரிய பொருள், மூச்சுவிடக்கூட யோசிக்கிற மாதிரி அசையாமல் நின்றது. எத்தனையோ தரம் செய்து பார்த்த சோதனைதான். ஆனாலும் அந்த ஒரு விரலளவு தூரத்துக்குள் பறப்பதும் விழுவதும் அடங்கிக் கிடக்கிறதே என்று நினைக்க அவளுக்கு ஒவ்வொரு தரமும் மயிர் கூச்செறியும்.

"இஞ்சருங்கோ, வந்து வாலைப் பிடியுங்கோ. நான் முப்பதடி தள்ளிப் போய் றேடியோ கேக்குதோ எண்டு பாக்க வேணும்."

மகேந்திரராஜா குந்தியிருந்து, கட்டவிழ்க்கப் பார்க்கிற ஆட்டைப் பிடிக்கிற மாதிரி விமானத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். அவள் தூரத்தில் நின்று தடிகளை அசைத்தாள்.

"அசையுதோ?"

"அசையுது! ஆனால் ஏனப்பா நடுங்குது?"

"அது நடுங்கேல்லை. நீங்கள்தான் நடுங்குறியள்."

அவர் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். "சில்லுக்குக் கீழ ஒண்டு வைப்பம். கார் எடுத்த நேரம் வைச்சனாங்கள்தானே."

"உது சில்லைவிடக் கொஞ்சம்தான் சின்னன். பழம் நசியாது, பிளேன்தான் குப்புற விழும்."

அவர் பழத்தைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், பழத்தைத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு மனம் கேளாமல் விபூதியை ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் தொட்டும் தொடாமல் பூசினார். பாரம் மாறிவிடுமோ என்று அவளைப் பார்த்தார். "அதுக்கு ஒண்டும் செய்யாது," என்றாள்.

எல்லாம் முடிய ஒன்பதே கால். பத்தரைவரை இருக்க வேண்டும். கொட்டகை வாசலில் இரண்டு பேரும் கதிரையைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். பத்து மணிக்கு, தூரத்துப் புகை சரியத் தொடங்கியது. பத்தே காலுக்குக் கொட்டகைத் தகரம் கடகடத்தது. வடக்குக் காற்று. நாட்டின் உட்பகுதி வெயிலையெல்லாம் அள்ளிக்கொண்டு, கிழக்கு மேற்காய்க் கிடந்த ஓடுபாதைக்கு நேர் குறுக்காக வந்துகொண்டிருந்தது.

பத்தரை தாண்டின கையோடு கொட்பிறியின் கார் வந்து நின்றது. இறங்கினவர் வானத்தைப் பார்த்தார், கம்பத்தில் திசை காட்டுகிற காற்றுத் துணி நீட்டி நிற்பதைப் பார்த்தார், பிறகு புல்லில் நின்ற விமானத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அந்தோனியாரே! என்ன தங்கச்சி இது, பிளேனோ, கூறைச் சீலையோ?"

"மாப்பிள்ளையைத்தான் காணேல்லை அண்ணை," என்றாள். சிரிப்பு வந்தது.

"காலமை பொட்டுக் காத்தில்லையே. நேரத்தோட வந்திருப்பியள், ஏன் இவ்வளவு நேரம் குந்திக்கொண்டிருக்கிறியள்?"

"ராகு காலம்," என்றார் மகேந்திரராஜா. "பத்தரைக்கு முடிஞ்சுது. நான் ஊர்க் கலண்டர் பாத்தனான்."

சத்தியபாமா தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். கோயிலில் தந்த மெல்போர்ன் கலண்டரைக் காலையில் குசினியில் அவள் பார்த்திருந்தாள். இங்கே சூரியன் உதிக்கிற நேரத்துக்கு ராகு காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, பன்னிரண்டுமட்டும் போகும். அதைச் சொன்னால் மனிசன் பின்னேரமட்டும் மறிப்பார். காற்று இன்னும் ஏறும்.

கொட்பிறி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, காத்து குறுக்கால. இண்டைக்கு வேண்டாமெண்டால் வேண்டாம். ஒருத்தரும் சிரிக்க மாட்டினம்."

"இண்டைக்கு விடாட்டில் நான் விடவே மாட்டன் அண்ணை. எனக்கு என்னைத் தெரியும்."

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் இப்பிடித்தான் நிப்பன். நீ என்ன கத்தினாலும் இந்தக் கை முன்னுக்கு வராது. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு."

மகேந்திரராஜா கம்பி வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அவள் இடது தடியை மெல்ல மேலே தள்ளினாள். விசிறிக் காற்றில் புல் படிந்தது. விமானம் ஓடியது என்று சொல்ல முடியாது. பத்து மீற்றர் போவதற்குள் நிலம் அதை விட்டுவிட்டது. காற்று ஒரு பக்க இறக்கையைத் தூக்கியது. அவள் விரல் தானாகவே பதில் சொன்னது. மேலே, மேலே, புதுவீட்டுக் கூரைகளைத் தாண்டி, தூரத்தில் பெரிய விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்த அந்த அகலமான மேற்கு வானத்துக்குள் அது ஏறியது. கறுப்பும் வெள்ளையும் கட்டம்.

"கட்டம்," என்றாள் வாய்க்குள்.

கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. றேடியோவில் இரண்டு தட்டுத் தட்டி நேராக்கினாள். கையைத் தளர்த்தினாள். நேரே போனது. யாருமே பிடிக்காமல், அவள் ஒட்டிய மரச்சட்டமும் அவள் அயன் செய்த தாளும் காற்றில் தன்பாட்டில் நேரே போனது.

பிறகு ஒரு வட்டம். மூக்கைத் தூக்கித் தூக்கி, உச்சியில் கவிழ்ந்து, மறுபக்கத்தால் இறங்கித் தொடங்கின இடத்திலேயே வந்து சேர்ந்தது. வானத்தில் ஒருவரும் கீறாத கோடு. அடுத்து அவள் அதைச் செங்குத்தாக மேலே விட்டாள். வேகம் குறைந்தது, குறைந்தது, நின்றது. மோட்டர்ச் சத்தம் இல்லை, விழவுமில்லை. மூன்று கிலோவுக்குக் கிட்டின பாரம் நூறு மீற்றர் உயரத்தில் ஒரு கணம் ஒன்றிலும் தொங்காமல் தொங்கியது. வாலைத் திருப்பினாள். அது சரிந்து, மூக்கைக் கீழே குத்தி, வந்த வழியே இறங்கியது.

"ஐயோ," என்றார் கொட்பிறி, பக்தியோடு.

கீழே இருந்து பார்க்கிறவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் அவள் சுவிச்சைச் சாதுவிலிருந்து பேய்க்குத் தட்டினாள்.

அரை வட்டம் ஏறி, உச்சியில் கவிழ்ந்து கிடக்கிற விமானத்தைப் பாதி உருட்டி நிமிர்த்த வேண்டும். எத்தனையோ தரம் திரையில் செய்ததுதான். உருட்டினாள். பேய் பாதியில் நிற்கவில்லை. முழுதாக உருண்டு, கவிழ்ந்தபடியே போய் நின்றது. அவள் மனம் அதை நிமிர்த்திவிட்டது. கண் நிறத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து முகில் ஒன்று வெயிலை மறைத்தது. காற்று அதைத் தூரத்துக்குத் தள்ளியது. மூக்கு மெல்லத் தாழ்ந்தது. தூக்குவதற்குத் தடியை இழுத்தாள். இன்னும் தாழ்ந்தது. பலமாக இழுத்தாள். விமானம் நிலத்தை நோக்கிப் பாய்ந்தது.

"அண்ணை, கேக்குதில்லை!"

கை நீண்டது. அவளுக்குத் தெரியாமலே, இரண்டு கையும், றேடியோவோடு, அவர் பக்கம் நீண்டது.

வாங்க அங்கே கை இல்லை. கொட்பிறியின் தோள் துடித்தது, முழங்கை உதறியது, ஆனால் பின்னால் கட்டிய கை பின்னாலேயே இருந்தது.

"என்ன நிறம்?" என்று கத்தினார். "தங்கச்சி, என்ன நிறம் தெரியுது? சொல்லு!"

"மஞ்சள்!"

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. மஞ்சள். கராஜ் சுவர். வெள்ளைச் சோக்கு. தலைகீழாய் நிற்கிறதை இழுக்க இழுக்க அது நிலத்துக்குத்தான் போகும். நிலத்துக்குப் போகிற விமானத்தின் தடியை முன்னுக்குத் தள்ளுவது என்பது, குழிக்குள் விழப் போகிறவனைப் பிடித்துத் தள்ளிவிடுகிற மாதிரி. உடம்பில் உள்ள ஒவ்வொரு நரம்பும் வேண்டாம் என்றது. றேடியோவை நெஞ்சோடு இழுத்து அணைத்து, தடியை முன்னுக்குத் தள்ளினாள்.

காய்ந்த புல்லுக்கு மேலே ஆளுயரத்தில், மூக்குத் திரும்பியது. சில்லுகள் இரண்டும் வானத்தைப் பார்க்க, முதுகு நிலத்தைப் பார்க்க, அது ஓடுபாதையின் முழு நீளத்துக்கும் அவர்கள் முன்னால் தலைகீழாகவே பறந்து போனது. நிழல் அதற்குக் கீழே புல்லில் ஓடியது. முகில் விலகி வெயில் விழுந்தது. மெரூன் கரை மினுங்கிற்று. புல்லுக்குள் இருந்த, இளஞ்சிவப்பு மார்புள்ள கலாக் கிளிகள் கூட்டமாக எழும்பி இரண்டாகப் பிரிந்து அதற்கு வழிவிட்டன.

அவள் உடனே நிமிர்த்தவில்லை. தள்ளிப் பிடித்த தடியை அப்படியே பிடித்திருந்தாள். நேரான பறப்பைவிட இது மென்மையாக இருந்தது. தலைகீழாகப் போகிற ஒன்றை, கீழே தள்ளுவதால் மேலே வைத்திருக்க முடிகிறது. ஒரு காலத்தில் குனிந்த கழுத்தில் மண்ணாய் விழுந்த அந்தச் சத்தம், இப்போது அவளுடைய பெருவிரலுக்குக் கீழே, அவள் சொல்லுகிற உயரத்தில் நிற்கிறது. நிமிர்ந்த கழுத்தோடு, வாய் திறந்தபடி அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஓடுபாதை முடிகிற இடத்தில் சுவிச்சைச் சாதுவுக்குத் தட்டினாள். மேலே ஏற்றி, பாதி உருட்டினாள். பொறுத்துப் பார்த்தாள்.

"கட்டம்," என்றாள், இந்தத் தரம் சத்தமாக.

"கட்டம்தான்," என்றார் கொட்பிறி.

இறக்குவது லேசாக இருக்கவில்லை. குறுக்குக் காற்றுக்கு மூக்கைக் கொடுத்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்தது. முதல் தரம் அகலமாகப் போய்விட்டது; வேகம் கொடுத்து மறுபடி சுற்றி வந்தாள். இரண்டாம் தரம் ஒரு சில்லு தொட்டது, பிறகு மற்றது, பிறகு வால். புல்லில் சற்று உருண்டு நின்றது. ஒரு கீறல் இல்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து மகேந்திரராஜா ஓடி வந்தார். எலுமிச்சம்பழம் எப்படி அவர் கைக்கு வந்ததென்று தெரியவில்லை. விரலுக்குள் நசிந்து சாறு வழிந்துகொண்டிருந்தது.

"உதை நீ வேணுமெண்டோ செய்தனி?"

"எதை?"

"தலைகீழாய் விட்டதை!"

அவள் கொட்பிறியைப் பார்த்தாள். கொட்பிறி வானத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்றாள்.

"நல்ல நேரம் பாத்து எழுப்பினபடியால் தப்பிச்சுது," என்று அவர் நசிந்த பழத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "நான் சொன்னால் கேக்க மாட்டியள்."

அவள் மோட்டர் தவறிச் சுழலாதபடி பூட்டுகிற சுவிச்சைத் தட்டினாள். விமானத்தை எடுக்க ஓடுபாதைக்குள் போக வேண்டும். பற்றறியைக் கழற்றுமட்டும் றேடியோவை ஆராவது பிடித்திருக்க வேண்டும்.

கொட்பிறி இன்னும் அப்படியே நின்றார். கட்டிய கையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. அவள் அவர் முன்னால் போய் நின்று, றேடியோவை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பிடியுங்கோ அண்ணை. நான் போய்ப் பிளேனை எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் அவளைப் பார்த்தார். பின்னாலிருந்த கைகள் மெல்ல முன்னுக்கு வந்தன. இறுகப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்து, நகம் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. தடிகளில் விரல் படாமல், விளிம்புவரை நிரம்பிய கிண்ணத்தை வாங்குகிற மாதிரி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நாளைக்குப் பூசை முடிய வாறன் தங்கச்சி," என்றார். "கட்லட் கொண்டு வாறன்."

அவள் தலையாட்டிவிட்டு, காற்றுக்குள் இறங்கி, மஞ்சளாய்த் தெரிந்த இடத்தை நோக்கி நடந்தாள்.